ஓட்டையை அடைக்காத ஊர்

குண்டுக்கு முன்னால் ஓட்டை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, நாலாம் நம்பர் டார்கெட்டில், கறுப்பு வட்டத்துக்கு இரண்டு விரல் வலப்பக்கம் தள்ளி. இதில் சந்தேகமே வேண்டாம். நாகஜோதியின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் அது வந்தது, சத்தமில்லாமல், தோசைக்கல்லில் மாவு வேகும்போது கண் திறக்குமே அப்படித் திறந்தது, அந்த நேரத்தில் யாரும் சுடவே இல்லை.

ஊசிக்கரடு என்பது ஊர். ஊருக்கு மேற்கே நிற்கிற மொட்டைப் பாறைக்கும் அதுதான் பெயர். பாறைக்கு அந்தப் பக்கம், காரில் வந்து இறங்குகிற ஆட்கள் சேர்ந்து நடத்துகிற துப்பாக்கி ரேஞ்சு. ஒரு கோடியில் படுத்துச் சுடுகிற மேடை, மறு கோடியில் பாறை அடிவாரத்து மண்மேடு, நடுவில் தொள்ளாயிரம் மீட்டர் கட்டாந்தரை. மண்மேட்டுக்கு முன்னால் ஆளுயரக் குழி. ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் அந்தக் குழிக்குள் நின்று கயிறு இழுத்து டார்கெட்டை மேலே ஏற்றுவார்கள், குண்டு தலைக்கு மேலே அதைத் துளைத்துக்கொண்டு போய் மண்ணில் புதையும், உடனே கீழே இறக்கி ஓட்டை எங்கே என்று பார்த்து, கம்பில் கட்டிய வட்டத்தட்டைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டுவார்கள், படவே இல்லையென்றால் சிவப்புக் கொடியை ஆட்டுவார்கள், பிறகு ஓட்டை மேல் ஒரு ரூபாய்க் காசு அளவு காகிதத்தை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின மைதாப் பசையால் ஒட்டி மறுபடி ஏற்றுவார்கள். ஒட்டின இடத்திலேயே அடுத்த குண்டு விழுந்தால் காகிதம் மட்டும் பறந்து போகும், பழைய ஓட்டை திரும்ப வரும், பலகைக்கு ஒன்றும் ஆகாது. குழியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

நாகஜோதிக்கு இருபத்திரண்டு வயது, ஆறு வருஷமாக ஒட்டுகிறாள், மணிக்கு அறுபது ஒட்டு, பார்க்காமலே ஒட்டுவாள். சுடுகிற ஆட்கள் ஒருத்தர் முகமும் அவளுக்குத் தெரியாது. ஓட்டையை வைத்துத்தான் ஆளைத் தெரியும். ஒன்றாம் நம்பர் அவசரக்காரன். ஏழாம் நம்பர் வெயில் ஏறினால் சொதப்புவான். நாலாம் நம்பர் மட்டும் பத்துக் குண்டையும் ஒரு உள்ளங்கைக்குள் போடுகிற ஆள், மழைக்காலத்திலும் ஆடிக்காற்றிலும் அதே உள்ளங்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மேலே ஏற்று என்று சூப்பர்வைசர் கத்தினார், ஏற்றினாள், குண்டு வந்த சத்தம் கேட்டது, இறக்கினாள், புது ஓட்டை இல்லை. கொடியை ஆட்டினாள். மேடையில் இருந்து போன் வந்தது, நாலாம் நம்பர் தப்பாது, நன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். நன்றாகப் பார்த்தாள். ஒரே ஒரு ஓட்டைதான். மூன்று தடவை இப்படி நடந்த பிறகு குழியில் இருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஓட்டை முதலில் வருகிறது, குண்டு பின்னால் வந்து அதற்குள்ளே நூல் கோத்த மாதிரி போய்விடுகிறது. அப்படியானால் நமக்கு வேலை பாதி மிச்சம் என்று ஒருத்தி சொன்னாள், அன்றைக்கு அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் ஊருக்குள் வந்தது. பாறையைத் தாண்டி வந்ததா சுற்றி வந்ததா என்று கேட்டவர் யாருமில்லை. அன்னக்காமுவின் பித்தளைக் குடத்தில் ஒன்று. அன்னக்காமு என்பது நாகஜோதியின் அம்மா. பள்ளிக்கூட மணியில் ஒன்று. ஒரு வெள்ளாட்டின் காதில் ஒன்று, மூன்றாம் நாள் அந்த ஆடு தழை தின்றுகொண்டிருக்கும்போது காதுக்குள்ளே குண்டு போனது, ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தின்றது. ஓட்டை வந்தால் ஒன்பது நாளுக்குள் குண்டு வரும், ரேஞ்சு பூட்டிக் கிடந்தாலும் வரும், யார் கையால் சுட்டதென்றே தெரியாமல் வரும், வந்து தன் ஓட்டை வழியாகப் போய்விடும், கெடுதல் இல்லை. இதுவரைக்கும் ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

டீக்கடை ராயப்பன் தான் பால் ஊற்றி வைக்கிற போசியில் விழுந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தார். பால் ஒழுகினால் அடைக்காமல் என்ன செய்வார். நாலாம் நாள் காலையில் போசியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தபோது குண்டு வந்தது, தன் ஓட்டையைத் தேடியது, காணவில்லை, போசி பூசணிக்காய் மாதிரி பிளந்தது, ராயப்பனின் வலதுகையில் இரண்டு விரல் போனது.

அன்றையிலிருந்துதான் பயம். ஓட்டையை அடைக்காதே. இதுதான் சட்டம், யாரும் போடவில்லை, எல்லாரும் கடைப்பிடித்தார்கள். எது குண்டுக்கு வந்த ஓட்டை, எது எலி கடித்த ஓட்டை, எது பூச்சி அரித்த ஓட்டை, எதில் குண்டு போய் முடிந்தது, எதில் இன்னும் போகவில்லை என்று பிரித்துச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது, அதனால் எந்த ஓட்டையையும் தொடவில்லை. ரேஞ்சுக் குழியில் மட்டும் ஒட்டினார்கள், அது குண்டு போய் முடிந்த ஓட்டை, கூலியும் அதற்குத்தான். கூரை ஒழுகியது, பாத்திரம் வைத்துப் பிடித்தார்கள். சேலை கிழிந்தது, கிழிந்தபடி கட்டினார்கள். பஞ்சர் கடை முத்துக்கருப்பனிடம் சைக்கிளைக் கொண்டு போனவர்கள் காற்று அடிக்க மட்டும் சொன்னார்கள், ஒட்ட வேண்டாம் என்றார்கள், அவன் நாளைக்கு நாற்பது தடவை ஒரே டியூபுக்குக் காற்று அடித்துவிட்டு இந்த ஊரில் பிழைப்பது எப்படி என்று யோசித்தான். பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி டப்பாவில் போட்டார்கள், ஏனென்றால் காதில் இருப்பதும் ஓட்டைதான், அதைத் தோடு போட்டு அடைத்து வைத்திருக்கிறோமே என்று ஒருத்திக்கு ஒரு நாள் உறைத்தது, சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு காதில் கூடத் தோடு இல்லை. கல்யாண வீட்டில் பொண்ணே மூளிக் காதோடு உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரர்கள் தாலியறுத்த ஊரா இது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனார்கள்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஆடி பிறந்தது.

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை மத்தியானம், குழியில் வெயில் கொதிக்கிறது, ஏழு டார்கெட்டும் ஏறி இறங்குகிறது, நாகஜோதிக்குப் பக்கத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவள் அவள் தங்கச்சி சொர்ணகலா, பதினேழு வயது. சொர்ணகலா தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, சுடிதாரோடு சேர்த்து, வட்டமாக ஓர் ஓட்டை. ரத்தம் இல்லை, வலி இல்லை, அவளுக்கே தெரியாது, அந்தப் பக்கம் மண்சுவர் பளிச்சென்று தெரிந்தது. நாகஜோதி அதைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்விட்டது. ஆறு வருஷமாகப் பார்க்காமல் ஒட்டுகிற கை, பட்டென்று.

சொர்ணகலா திரும்பினாள். "என்னக்கா, முதுகுல அடிக்கிற?"

நாகஜோதி தன் கையைப் பார்த்தாள். விரலில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

காகிதத்தை உரித்துப் பார்த்தார்கள், வரவில்லை. வெந்நீர், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், ஒன்றுக்கும் வரவில்லை. சுடிதாரை வெட்டி எடுத்தார்கள், காகிதம் முதுகிலேயே நின்றது, ஒரு ரூபாய் அளவு, பழுப்பு நிறம், ஓரத்தில் நாகஜோதியின் கட்டைவிரல் ரேகை. முன்பக்கம் நெஞ்சில் தோல் மூடிவிட்டது, ஓட்டை இருந்த தடமே இல்லை. கம்பவுண்டர் ஒருத்தர் பிளேடு வைத்து ஓரத்தைக் கீறினார், சாதாரண முதுகில் கீறினால் வருகிற மாதிரி ரத்தம் வந்தது, போதும் என்று நிறுத்திவிட்டார். அன்னக்காமு அழவில்லை, திட்டவில்லை. பெரியவளின் கையைப் பிடித்து நகக்கண்ணில் இருந்த பசையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அடித்திருந்தால் நாகஜோதிக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது நாள். அதற்குள் எங்கிருந்தோ ஒரு குண்டு வரும், தன் ஓட்டையைத் தேடும், இருக்காது. போசிக்கு என்ன ஆனதென்று ஊருக்கே தெரியும். சொர்ணகலாவைப் பார்த்தவர்கள் பாசமாகத்தான் பேசினார்கள், பேசிக்கொண்டே பத்தடி பின்னால் நகர்ந்தார்கள். அது தப்பு என்று சொல்வதற்கில்லை. பிள்ளை குட்டி இருக்கிறவர்கள் நகரத்தான் செய்வார்கள். அவள் ஊர்க் கடைசிப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், யாரும் சொல்லாமலே.

மூன்றாம் நாள் நாகஜோதிக்கு ஒன்று தோன்றியது. ஒட்டு மேலேயே குண்டு விழுந்தால் காகிதம் மட்டும்தானே போகும். பலகைக்கு ஒன்றும் ஆகாதே. ஓட்டை திரும்ப வந்துவிடுமே. அப்புறம் எந்தக் குண்டு வந்தாலும் வரட்டும், போகட்டும். ஆனால் ஒட்டு மேலேயே விழ வேண்டும். ஒரு விரல் தள்ளினால் இதயம்.

அவள் குழியை விட்டு ஏறி மேடையைப் பார்த்து நடந்தாள். ஆறு வருஷத்தில் அந்தத் தொள்ளாயிரம் மீட்டரை அவள் நடந்ததே இல்லை. நடந்துகொண்டே இருந்தாள், மேடை கிட்ட வரவே இல்லை, தூரம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் காலுக்குத் தெரிந்தது, தெற்கே பாறை இடுக்கில் இருந்து வந்த காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது, இந்தக் காற்றுக்குள்ளேதான் குண்டு வருகிறதா என்று நினைத்தாள், அவளையே தள்ளுகிற காற்று குண்டைத் தள்ளாதா.

நாலாம் நம்பர் என்றால் மீசையும் உடம்புமாக ஒருத்தரை மனதில் வைத்திருந்தாள். காட்டினார்கள். பெயர் ஹபீபுல்லா, மருந்துக்கடை வைத்திருப்பவர், சோடாப்புட்டிக் கண்ணாடி, சட்டைப் பையில் சர்க்கரை இல்லாத பிஸ்கட். டீ குடிக்கும்போது கை நடுங்கி டம்ளர் பல்லில் தட்டியது. நாகஜோதிக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குச் செகப்புக் கொடி ஆட்டின புள்ளையாம்மா நீ?"

"ஆமா பாய். புது ஓட்டை இல்ல. ஆட்டினேன்."

"பதினெட்டு வருஷத்துல அதான் மொத கொடி," என்றார் அவர். கோபமில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் முடியாது என்றார். பொண்ணை நிறுத்திச் சுடுகிற வேலை தன்னுடையது இல்லை, தனக்கும் மகள் இருக்கிறாள் என்றார். நாகஜோதி, அப்படியானால் கிட்டத்தில் வந்து சுடுங்கள், பத்தடியில் நின்று சுட்டால் ஒரு ரூபாய் என்ன எட்டணாவே அடிக்கலாமே என்றாள். அவர் தலையை ஆட்டினார். பம்பரம் விட்டிருக்கிறாயா என்று கேட்டார். விட்ட உடனே பம்பரம் தலையாட்டும், அப்புறம்தான் அடங்கித் தூங்கும், குண்டும் அப்படித்தான், குழலை விட்டுக் கிளம்பும்போது தலையாட்டிக்கொண்டு போகும், பட்ட இடத்தைக் கிழிக்கும், தூரம் போகப் போகத்தான் தூங்கும், தூங்குகிற குண்டுதான் வட்டமாக ஓட்டை போடும் என்றார். அது உண்மை என்று நாகஜோதிக்குத் தெரியும். கிட்டத்து டார்கெட்டில் ஒட்டும்போது ஓரம் பிய்ந்திருப்பதை அவளே பார்த்திருக்கிறாள்.

"பாய், நீங்க தப்பவே மாட்டீங்கன்னு குழியில எல்லாரும் சொல்லுவோம்."

அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அது நடுங்கியது. "படுக்குறது, மூச்ச விடுறது, காத்தப் படிக்கிறது, விரல அமுக்குறது, எல்லாஞ் சேத்து இந்தக் கை அகலம் வரைக்கும் நான் கொண்டு போயிருவேன். அது என் தொழிலு. இதுக்குள்ள எந்த ரேகை மேல விழும்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவன் புளுகுறான்."

"அதுக்குள்ள விழுறது யாரு வேலை?"

"காத்து. அதுல பாதி காத்து. மிச்சம் மேல இருக்குறவன்."

"காத்து இல்லாம பண்ணிட்டா?"

அவர் உடனே சிரிக்கவில்லை, அதுதான் நல்லது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் செய்தார், அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். "காத்து இல்லன்னா ஒரு ரூபா அகலம்," என்றார். "கொஞ்சம் கூட."

அந்தக் கொஞ்சம் கூட என்பது திரும்பி நடக்கிற தொள்ளாயிரம் மீட்டரும் அவள் காதில் இருந்தது.

காற்றை நிறுத்துவது எப்படி என்று ஊரில் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அந்த வருஷம் எதற்கும் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை. காற்று தெற்கே ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது, ஒரு பக்கம் மறைத்தால் போதும் என்றான் முத்துக்கருப்பன், காற்றைப் பற்றிப் பேச அவனுக்குத்தான் உரிமை உண்டு. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். நூற்று அறுபத்தைந்து சேலை நீளம், மேலே ஒன்று கீழே ஒன்று என்று மூங்கில் கம்பில் கட்டினால் முந்நூற்று முப்பது. ஊரில் சேலைக்குப் பஞ்சமா. பத்தாததற்கு வேட்டி, போர்வை, நெல் காயவைக்கிற தார்ப்பாய், போன வருஷக் காதுகுத்து ஃப்ளெக்ஸ் பேனர். ஹபீபுல்லாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறேன் என்றார், ஒரே ஒரு பேச்சுதான் வைத்தார், பொண்ணு தனக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும், முகத்தைப் பார்த்தால் விரல் அமுங்காது.

எட்டாம் நாள் காலையில் ஊரே ரேஞ்சுக்குள் இறங்கியது. குண்டு போகிற வழிக்குத் தெற்கே கம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள், மேடையிலிருந்து குழி வரைக்கும், மூளிக் காதுப் பெண்களும் லுங்கி கட்டின ஆம்பிளைகளும், ஒருத்தர் சேலை முடிகிற இடத்தில் அடுத்தவர் சேலை தொடங்கியது, பச்சையும் அரக்கும் மஞ்சளுமாக, தொள்ளாயிரம் மீட்டருக்கு ஒரு துணிச் சுவர். பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. நின்றவர்களுக்கு அப்படி இல்லை, அவர்கள் காதுக்குக் கைநீளத் தூரத்தில் ஒரு குண்டு போகப் போகிறது, சுடுகிறவர் கை நடுங்குகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மேடையிலிருந்து போன் வந்தது. காற்று நிற்கவில்லை. தொலைநோக்கியில் கானல் பக்கவாட்டில் ஓடுகிறது, ஆறு மாதிரி ஓடுகிறது என்றார் ஹபீபுல்லா.

நாகஜோதி வரிசையைப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, எல்லாருக்கும் அதே நேரம்தான் தெரிந்தது. ஆறு மாதமாக ஊசி எடுக்காத ஊர். ஒவ்வொரு சேலையும் சல்லடை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஆடிக்காற்று விசில் அடித்துக்கொண்டு வந்தது, முந்நூற்று முப்பது துணியிலும், சின்னதும் பெரியதுமாக, குழந்தை அழுகிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் குழிக்குள் இறங்கிப் பசை வாளியையும் ஒட்டுக் காகிதக் கட்டையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. மேடைப் பக்கத்து முதல் கம்பின் முன்னால் போய் நின்றாள், அவ்வளவுதான். கம்பைப் பிடித்திருந்தது முத்துக்கருப்பன். அவன் சேலையைப் பார்த்தான், அவன் பெண்டாட்டி சேலை, ஏழு ஓட்டை. அதில் எது எலி, எது குண்டு, யாருக்குத் தெரியும். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அவள் ஒட்டினாள். அடுத்தது. ஒட்டினாள். சிலர் கடவுள் பெயரைச் சொன்னார்கள். சிலர் நீ ஒட்டு ஆனால் என் கண்ணுக்கு முன்னால் ஒட்டாதே என்று திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தி, எனக்கு ஏதாவது ஆனால் என் மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டாள், பக்கத்தில் இருந்தவள் நான் பார்க்கிறேன் என்றாள், நீ மட்டும் இருப்பாயா என்று கேட்டாள் இவள்.

வரிசை நடுவில் நின்ற வீரசின்னு என்பவன் கம்பை இறக்கிவிட்டான். துணியைச் சுருட்டினான்.

"எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க, ஜோதி," என்றான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அவனோடு இன்னும் பத்துக் குடும்பம் கம்பை இறக்கியது. மிச்சம் இருந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து நிரவினார்கள், எல்லா இடமும் நிரம்பியது, பாறை இடுக்குக்கு நேர் எதிரே ஒரு சேலை இடம் மட்டும் நிரம்பவில்லை, காற்று அதிகம் வருகிற இடம் அதுதான். அங்கே போய் நிற்க ஆளில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ராயப்பன் கடைத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அடைத்தால் என்ன ஆகும் என்று ஊரில் உடம்பால் தெரிந்த ஒரே ஆள். கம்பை இடதுகையால் ஊன்றிக்கொண்டு தார்ப்பாயை விரித்தார்.

"ஒட்டு," என்றார். "இன்னும் எட்டு விரல் இருக்குல்ல."

ஒட்டினாள்.

கடைசிக் கம்பு அன்னக்காமுவினுடையது, குழிக்கு ஒட்டினாற்போல். நீலச் சேலை, இடது ஓரத்தில் ஒரே ஓர் ஓட்டை, ரொம்ப வட்டமான ஓட்டை. நாகஜோதி ஒட்டுக் காகிதத்தை எடுத்தாள், பசை தடவினாள், அம்மாவைப் பார்த்தாள், அன்னக்காமு சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகஜோதி காகிதத்தை உள்ளங்கைக்குள் கசக்கி வைத்துக்கொண்டு குழிக்குள் குதித்துவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் ஓட்டையையும் ஒட்டினவள் தன் அம்மாவின் ஓட்டையை ஒட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொர்ணகலா நாலாம் நம்பர் டார்கெட்டின் மரச்சட்டம் இருந்த இடத்தில் ஒரு மரப்பெட்டி மேல் நின்றாள், மண்மேட்டைப் பார்த்து, மேடைக்கு முதுகு காட்டி. நாகஜோதி குழிக்குள் இருந்து அவள் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள். கால் சில்லென்று இருந்தது.

"அக்கா, சத்தம் மொதல்ல வருமா, குண்டு மொதல்ல வருமா?"

"குண்டு."

சொர்ணகலா யோசித்தாள். "அப்ப சத்தம் கேட்டுச்சுன்னா நான் இருக்கேன்னு அர்த்தம்."

"ஆமா. பேசாத. மூச்ச மெதுவா விடு."

போனில் தயார் என்று சொன்னார்கள். விசில் சத்தம் நின்றது. தொள்ளாயிரம் மீட்டருக்கும் துணி அசையாமல் தொங்கியது, ஆடி மாதத்தில் அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை யாரும் பார்த்ததில்லை, ஈ பறப்பது கேட்டது, யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள், தூரத்தில் ஒரு கிழவர் நடுங்குகிற கையோடு படுத்து, நடுக்கம் நிற்கிற அந்த ஒரு மூச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், நாகஜோதி தங்கச்சியின் காலைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது, அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், எதை எண்ணுகிறாள் என்று தெரியாமல் எண்ணினாள், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

ஒரு காகிதத் துண்டு அவள் நெற்றியில் வந்து விழுந்தது. பழுப்பு நிறம், ஓரம் பிய்ந்து, பசை வாசம். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

"கேட்டுச்சு," என்றாள் சொர்ணகலா, மேலே இருந்து.

அவள் முதுகில் வட்டமாக வானம் தெரிந்தது. மேடையில் படுத்திருந்த ஹபீபுல்லாவுக்கு அது ஓர் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. தட்டைத் தூக்கிக் காட்ட வேண்டியது நாகஜோதியின் வேலை, கம்பை எடுத்தாள், தூக்க முடியவில்லை, குழியில் இருந்த மற்றப் பெண்கள் சேர்ந்து பிடித்துத் தூக்கினார்கள்.

ஜனம் சத்தம் போட்டுக்கொண்டு மேடைக்கு ஓடியது. அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தைச் சாக்கில் புதைத்துக் கிடந்தார், பாராட்டினவர்களைத் தள்ளிவிட்டார். நாகஜோதி வந்த பிறகுதான் உட்கார்ந்தார், அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"விரலு இழுத்துருச்சும்மா. அமுக்கின உடனே தெரிஞ்சு போச்சு. வலப்பக்கம் ஒரு விரக்கடை போயிருக்கணும். செத்திருக்கணும் அந்தப் புள்ள." கண்ணாடியைக் கழற்றினார். "எங்கயோ காத்து ஒழுகியிருக்கு. கடைசியில, குழிகிட்ட. அதான் எடப்பக்கம் தள்ளிக் கொண்டு போய்ச் சேத்திருக்கு. எதையாச்சும் ஒட்டாம விட்டியா?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்கம்மா சேலைய."

"மறந்துட்டியா?"

"மறக்கல. பயந்துட்டேன்."

ஹபீபுல்லா துப்பாக்கியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார், பதினெட்டு வருஷமாகத் தான் எதைக் கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை என்றார், பிஸ்கட் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார், காரில் ஏறிப் போனார்.

இது ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ஒட்டின அத்தனை பேருக்கும் இனி ஒன்பது நாள் இருக்கிறது, வரிசையில் நின்றவர்களில் அன்னக்காமு ஒருத்திக்கு மட்டும் இல்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. அது பயமாக இருந்தது. ஒட்டின துணிகளை யாரும் தூக்கியெறியவும் இல்லை, வேறு துணி எத்தனை பேரிடம் இருக்கிறது. குழந்தைகளை எல்லாம் வீரசின்னு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அவன் வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தான், தலையை நிமிர்த்தவில்லை. பெரியவர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து உட்கார்ந்தார்கள், வீட்டில் தனியாக உட்கார்ந்து காத்திருக்க யாருக்கும் தெம்பில்லை.

அன்னக்காமு நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அத்தன பேருக்கும் ஒட்டின கை, எனக்கு மட்டும் எதுக்கு நின்னுச்சு?"

"விடும்மா. அது திறந்து கெடந்ததாலதான் தங்கச்சி பொழச்சா."

"அது அப்ப. பசைய எடு."

நாகஜோதி எடுக்கவில்லை. வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள், அழுதாள், முடியாது என்றாள், வேண்டுமென்றால் என் கையை வெட்டிக்கொள் என்றாள். அன்னக்காமு அவளைக் கையைப் பிடித்து எழுப்பி ஓரமாக நிறுத்திவிட்டு, வாளிக்குள் விரலை விட்டாள், மடியில் முந்தானையை விரித்து வைத்துக்கொண்டு அந்த வட்டமான ஓட்டை மேல் ஒரு காகிதத்தை ஒட்டினாள், பழக்கமில்லாத கை, கோணலாக ஒட்டினாள், ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தாள். அப்புறம் மைதானத்துக்கு நடந்து போய் ராயப்பனுக்கும் முத்துக்கருப்பன் பெண்டாட்டிக்கும் நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தாள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

சொர்ணகலா முதுகில் ஓட்டையோடு அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். நாகஜோதியும் போனாள்.

மறுநாள் காலையில் ரேஞ்சைத் திறந்தார்கள், பாறைக்கு அந்தப் பக்கம் முதல் வெடி கேட்டது. மைதானத்தில் யாரும் குனியவில்லை. ஒருத்தரை ஒருத்தர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், ஒவ்வொரு முகமாக, யார் என்று. எல்லாரும் இருந்தார்கள். இரண்டாவது வெடி கேட்டது.